பிள்ளைகளோடு செஞ்சி முதல் கழுவேலி வரை

சென்னையிலிருந்து தெற்கே வரும் குடும்பங்களில் பலவும் திண்டிவனத்தை ஒரு திருப்பமாக மட்டுமே அறிந்திருக்கின்றன. இடப்பக்கம் திரும்பினால் புதுச்சேரி. வலப்பக்கம் செஞ்சி வழியாகத் திருவண்ணாமலை. நேரே போனால் விழுப்புரம் தாண்டித் திருச்சி. டீ குடிக்க வண்டியை நிறுத்துவார்கள், பிள்ளைகளைக் கழிப்பறைக்கு அழைத்துப் போவார்கள், கிளம்பிவிடுவார்கள். அந்த இடத்திலேயே ஓரிரு நாள் தங்கிப் பாருங்கள் என்று சொல்லத்தான் இந்த அத்தியாயம்.

விழுப்புரம் மாவட்டத்தில் காசு கட்டி உள்ளே போய் ராட்டினம் ஏறும் பெரிய கேளிக்கைப் பூங்கா எதுவும் இல்லை. இங்கே இருப்பது பாறை, ஏரி, உப்பளம், இரவு முழுக்க நடக்கும் கூத்து. எட்டு வயதுப் பிள்ளைக்கு இவை போதும் என்பது என் உறுதியான எண்ணம். பெரியவர்கள் செய்ய வேண்டியது இரண்டுதான்: ஒரு நாளைக்கு ஒரு இடம் என்று வைத்துக்கொள்வது, விடியும்போதே அங்கே போய்ச் சேர்வது. காலையில் செஞ்சி, மதியம் திருவக்கரை, மாலையில் மரக்காணம் என்று திட்டம் போடுபவர்கள் மூன்றையும் வண்டிக் கண்ணாடி வழியாகத்தான் பார்ப்பார்கள்.

எந்த மாதத்தில் வருவது

இந்தப் பக்கம் எதைப் பார்க்கப் போனாலும் கருங்கல் மேல்தான் நிற்க வேண்டியிருக்கும். கல் காலையில் வாங்கிய சூட்டை இருட்டும் வரை விடாது. எனவே மார்கழி, தை, மாசி மூன்றும்தான் சிறு பிள்ளைகளோடு சுற்ற ஏற்ற மாதங்கள். மழை பெய்து ஏரிகள் நிரம்பியிருக்கும், காற்று குளிர்ந்திருக்கும், பறவைகளும் வந்திருக்கும். பள்ளிக்கு விடுமுறை என்பதால் சித்திரை, வைகாசியில்தான் வர முடியும் என்றால் வாருங்கள். ஆனால் ஒன்பது மணிக்கெல்லாம் மலையிலிருந்து இறங்கிவிட வேண்டும். மீதிப் பகலை நிழலிலும் தூக்கத்திலும் கழித்துவிட்டு இரவில் கூத்துக்குப் போகலாம்.

ஐப்பசி, கார்த்திகையில் வருபவர்கள் வானிலை அறிவிப்பைப் பார்க்காமல் கிளம்பவே கூடாது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தென்பெண்ணை கரை புரண்டு அரசூர் அருகே சென்னை–திருச்சி நெடுஞ்சாலையே துண்டானது, ரயில்களும் நின்றன. புயல் எச்சரிக்கை வந்துவிட்டால் பயணத்தைத் தை மாதத்துக்குத் தள்ளிவைத்துவிடுங்கள்.

செஞ்சிக் கோட்டை

ஒரே ஒரு இடம்தான் பார்க்க முடியும் என்றால் செஞ்சிக்குப் போங்கள். திண்டிவனத்திலிருந்து 28 கிலோமீட்டர். திருவண்ணாமலை போகும் பேருந்துகள் எல்லாம் செஞ்சி வழியாகவே போகின்றன. பேருந்து நிலையத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தால் கோட்டை வாசல் சில நிமிடம். மத்திய தொல்லியல் துறை பராமரிக்கும் இடம் என்பதால் நுழைவுச்சீட்டு உண்டு. 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணம் கிடையாது.

இதை ஒரு கோட்டை என்று நினைத்து வருபவர்கள் வாசலில் நின்று திகைப்பதுண்டு. இங்கே இருப்பவை மூன்று மலைகள்: ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி. மூன்றையும் முக்கோணமாக வளைத்து ஓடுகிறது மதில். சுற்றளவு ஏறத்தாழ 13 கிலோமீட்டர். திருவண்ணாமலைச் சாலை இந்த முக்கோணத்துக்குள்ளேயே புகுந்து போகிறது. சாலைக்கு வடக்கே கிருஷ்ணகிரி, தெற்கே ராஜகிரி.

எந்த மலை ஏறுவது என்பதைப் பிள்ளையின் வயதுதான் முடிவு செய்ய வேண்டும். ராஜகிரி சுமார் 800 அடி உயரம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். படிகள் ஒரே அளவில் இல்லை. சில இடங்களில் ஆறு வயதுப் பிள்ளையின் முழங்காலுக்கு மேலே இருக்கும். பத்து வயதைத் தாண்டிய, ஓடியாடும் பிள்ளைகள் உற்சாகமாக ஏறிவிடுவார்கள். உச்சிக்குச் சற்றுக் கீழே மலையே பிளந்து ஒரு பள்ளம் கிடக்கிறது, 24 அடி அகலம், 60 அடி ஆழம். அதன் மேல் போட்டிருக்கும் சிறு பாலம் ஒன்றுதான் உச்சிக்கு வழி. பாலத்தை எடுத்துவிட்டால் எந்தப் படையும் மேலே வர முடியாது. 'அப்போ சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவாங்க?' என்று பிள்ளைகள் கேட்பார்கள். மேலே போனதும் களஞ்சியத்தைக் காட்டுங்கள். அரங்கநாதர் கோயிலும் ஒரு பெரிய பீரங்கியும் அங்கே இருக்கின்றன. பிற்பகலுக்குப் பிறகு ராஜகிரியில் ஏற விடமாட்டார்கள்; காலையில் வாயில் திறந்தவுடன் ஏறத் தொடங்குவதே சரி.

ஐந்து முதல் பத்து வயது வரை என்றால் கிருஷ்ணகிரியே போதும். இதை ராணிக்கோட்டை என்பார்கள். நிதானமாக நடந்தாலும் சீக்கிரம் ஏறிவிடலாம். மேலே களஞ்சியங்கள், கிருஷ்ணன் கோயில், குவிமாடம் வைத்த ஒரு கூடம். அந்தக் கூடத்தில் எப்போதும் காற்று வீசிக்கொண்டிருக்கும். கொண்டு வந்த இட்லியை அங்கே உட்கார்ந்து சாப்பிடலாம் என்று தோன்றும். தோன்றினாலும் பொட்டலத்தைப் பிரிக்காதீர்கள். குரங்குகள் கூட்டமாக இருக்கின்றன. கையில் கவர் தெரிந்தால் பிடுங்கிக்கொண்டு போகும், பயந்து ஓடும் பிள்ளை படியில் தடுக்கி விழும். தண்ணீரை முதுகுப்பையில் போட்டு மூடிவிடுங்கள். கடலைமிட்டாய் போன்ற சிறு தீனியைப் பெரியவர்கள் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளலாம். சாப்பாட்டை இறங்கி வந்த பிறகு செஞ்சி ஊருக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

மலை ஏற முடியாத தாத்தா பாட்டியும் கைக்குழந்தை வைத்திருப்பவர்களும் ராஜகிரியின் அடிவாரத்திலேயே அரை நாள் கழிக்கலாம். சமதளம், மரநிழல், புல்தரை. பல அடுக்குகளாக எழும்பிய கல்யாண மகால் இங்கேதான். வெளியே இருக்கும் சக்கரக்குளத்திலிருந்து மண்குழாய்கள் வழியாக அதன் மேல்தளங்கள் வரை தண்ணீர் வந்தது. குதிரை லாயம், யானைக்குளம், தடித்த சுவர் வைத்த நெற்களஞ்சியம், உடற்பயிற்சிக் கூடம் எல்லாம் நடந்துபோகும் தூரத்தில் இருக்கின்றன. அரண்மனை இருந்த மேட்டில் திண்டு வைத்த ஒரு வழுவழுப்பான கல் ஆசனம் கிடக்கிறது. சிறு பிள்ளைகளுக்குக் களஞ்சியத்தின் இருட்டும் குளிர்ச்சியும்தான் மிகவும் பிடிக்கும்.

வெங்கடரமணர் கோயிலைத் தவறவிடாதீர்கள். கோபுர வாசலில் ராமாயணக் காட்சிகளும் பாற்கடல் கடைதலும் கல்லில் செதுக்கியிருக்கின்றன. கதை தெரிந்த பிள்ளை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டுபிடிக்கும். இந்தக் கோயிலின் அழகிய தூண்கள் பலவற்றைப் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அங்கே கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்பவை செஞ்சித் தூண்கள்தான். பயணத்தின் முடிவில் புதுச்சேரிக்கும் போகப் போகிறீர்கள் என்றால் இதை முதலிலேயே சொல்லி வையுங்கள். அங்கே போனதும் பிள்ளைகளே தேடிப் பார்ப்பார்கள்.

கோட்டையின் வரலாறு நீளமானது, கைமாறிக்கொண்டே வந்தது. 1677இல் சிவாஜி பிடித்தார். அவருடைய மகன் ராஜாராம் இதற்குள் இருந்துகொண்டு முகலாயப் படையை ஆண்டுக்கணக்கில் தடுத்து நிறுத்தினார். 1698இல்தான் முகலாயத் தளபதி சுல்பிகார் கானால் உள்ளே வர முடிந்தது. 1750இல் பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர். 2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராத்தியர் காலப் படைத்தளங்கள் என்ற வரிசையில் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது; மற்ற பதினொன்றும் மகாராஷ்டிரத்தில் இருக்க, தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றது செஞ்சி மட்டுமே.

இவ்வளவு ஆண்டுகளைச் சொன்னால் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். அவர்களுக்குத் தேசிங்குராஜன் கதையைச் சொல்லுங்கள். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் பெரும்படையை ஒரு சிறு படையோடு எதிர்த்துப் போய் 1714இல் போர்க்களத்தில் விழுந்த இளைஞன். யாருக்கும் அடங்காத பாராசாரிக் குதிரையை அடக்கியவன் என்றும், அவனுடைய முஸ்லிம் நண்பன் மகபத் கான் தன் கல்யாணத்தை விட்டுவிட்டுப் போருக்கு வந்து உடன் மாண்டான் என்றும் நாட்டுப்புறக் கதைப்பாடல் சொல்கிறது. தேசிங்கை எரியூட்டியது கோட்டையின் செட்டிக்குளக் கரையில் என்பார்கள். கதையை வீட்டில் சொல்லி அழைத்து வராமல், குளத்தங்கரையில் நின்று சொல்லுங்கள்.

நேரம் மிச்சமிருந்தால் பக்கத்துச் சிங்கவரத்துக்குப் போகலாம். சிறு குன்றின் மேல் பல்லவர் காலக் குடைவரை. உள்ளே பாறையிலேயே செதுக்கிய 24 அடி நீளப் பள்ளிகொண்ட பெருமாள். செஞ்சிக்கு அருகிலேயே திருநாதர்குன்றும் இருக்கிறது. ஒரே பாறையில் இரண்டு வரிசையாக, வரிசைக்குப் பன்னிரண்டு பேராக, 24 தீர்த்தங்கரர்கள் அமர்ந்திருக்கிறார்கள். சந்திரநந்தி என்ற சமணத் துறவி 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் துறந்ததைச் சொல்லும் பழைய கல்வெட்டு அங்கே இருக்கிறது. தமிழ்ச் சமணர்களின் தலைமை மடம் உள்ள மேல்சித்தாமூரும் இந்த வட்டாரம்தான்.

திருவக்கரை கல்மரங்கள்

திண்டிவனம்–புதுச்சேரி சாலையிலிருந்து பிரிந்து உள்ளே போனால் திருவக்கரை. ஊருக்குச் சற்று வெளியே இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் தேசியக் கல்மரப் பூங்கா இருக்கிறது. பூங்கா என்றதும் ஊஞ்சலும் சறுக்குமரமும் எதிர்பார்க்காதீர்கள். செம்மண் மேடு, முந்திரியும் புதரும், நடுவே ஆங்காங்கே விழுந்து கிடக்கும் மரங்கள். தொட்டால் மரமில்லை, கல்.

2 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் பெருவெள்ளம் அடித்துக்கொண்டு வந்த மரங்கள் இவை. வேர், கிளை, இலை எதுவும் ஒட்டியில்லை. எங்கோ வளர்ந்தவை உருண்டு வந்தன என்பதற்கு அதுவே சாட்சி. மணலுக்கடியில் காற்றுப் புகாமல் புதைந்ததால் மட்கவில்லை. நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா மரத்துக்குள் நுழைந்து, மரத்தணு ஒவ்வொன்றின் இடத்தையும் தான் பிடித்துக்கொண்டது. அதனால்தான் ஆண்டு வளையமும் பட்டையின் சுருக்கமும் அப்படியே தெரிகின்றன. இப்படிச் சுமார் 200 மரங்கள், 247 ஏக்கரில். சில 15 மீட்டர் வரை நீளம். பிரெஞ்சு இயற்கையியலாளர் பியர் சொன்னரா 1781இலேயே இவற்றைப் பற்றி எழுதியிருக்கிறார். 1940இல் பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவித்தார்கள்.

பிள்ளைகளுக்குக் கொடுக்க ஒரு வேலை இருக்கிறது. ஒரு பூதக்கண்ணாடி, ஒரு நோட்டு, ஒரு பென்சில் கொண்டுவாருங்கள். வெட்டு முகம் தெரியும் கட்டையைத் தேடி, வளையங்களை எண்ணி, படம் வரையச் சொல்லுங்கள். புளிய மரமும் அவரையும் சேர்ந்த குடும்பத்தின் மரங்கள் இங்கே கல்லாகக் கிடக்கின்றன. வழியெல்லாம் பார்த்து வந்த புளியமரங்களின் சொந்தக்காரர்கள் என்று சொன்னால் அவர்கள் முகம் மாறுவதைப் பார்க்கலாம். அறிவியல் பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்கு இந்த மாவட்டத்தில் இதைவிட நல்ல வகுப்பறை கிடையாது.

நிழல் குறைவு, தொப்பி கட்டாயம். உள்ளே தின்பண்டம் கிடைக்காது. வழியில் கல்குவாரிகள் இருப்பதால் டிப்பர் லாரிகள் வேகமாக வரும். பைக்கில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு வருபவர்கள் மிகவும் கவனமாக ஓட்ட வேண்டும். ஊருக்குள் இருக்கும் சந்திரமௌலீஸ்வரர் கோயிலில் மூன்று முகம் கொண்ட லிங்கமும் வக்கிரகாளியம்மன் சந்நிதியும் உண்டு. பௌர்ணமியன்று கூட்டம் நெரியும். பூங்காவுக்காக மட்டும் வருபவர்கள் பௌர்ணமியைத் தவிர்த்துவிடுங்கள்.

கழுவேலியும் மரக்காணமும்

திண்டிவனத்துக்குக் கிழக்கே கடற்கரையை ஒட்டி, கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு மேற்கில் பரந்து கிடப்பது கழுவேலி. தென்னிந்தியாவில் பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர்ப் பரப்பு. ஏரிகளிலிருந்து வழிந்து வரும் நல்ல தண்ணீரும், எடையன்திட்டு முகத்துவாரம் வழியாக ஏறி வரும் கடல்நீரும் இங்கே கலக்கின்றன. 2021 டிசம்பரில் 5,151 ஹெக்டேரைப் பறவைகள் சரணாலயமாகத் தமிழக அரசு அறிவித்தது. 2024இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது.

கார்த்திகை கடைசி முதல் மாசி வரை பறவைகள் இருக்கும். பூநாரைகள் தண்ணீரில் வரிசையாக நிற்பதை ஒருமுறை பார்த்த பிள்ளை மறக்காது. கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, அரிவாள்மூக்கன், கரண்டிவாயன், ஊசிவால் வாத்து, உள்ளான் எல்லாம் எளிதில் அடையாளம் காணக்கூடியவை. பெயர்களே பறவையின் மூக்கையும் வாலையும் சொல்லிவிடுவதால் புத்தகம் இல்லாமலே பிள்ளைகள் கண்டுபிடிப்பார்கள். பைனாகுலர் ஒன்று இருந்தால் போதும். வேடந்தாங்கல் போலக் கோபுரத்தில் ஏறிக் கூடுகளைப் பார்க்கும் இடம் என்று நினைத்து வர வேண்டாம். பறவைகள் தூரத்தில், திறந்த வெளியில் இருக்கும். சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி கிழக்குக் கரையில் காலையிலும் மேற்குக் கரையில் மாலையிலும் நில்லுங்கள். எந்தப் பக்கம் தண்ணீர் நிற்கிறது, எந்தப் பக்கம் பறவை இறங்கியிருக்கிறது என்பது வாரத்துக்கு வாரம் மாறும். ஆடு மேய்ப்பவர்களையும் மீன் பிடிப்பவர்களையும் கேளுங்கள், சரியாகச் சொல்வார்கள். சேற்றில் மட்டும் இறங்காதீர்கள். மேலே காய்ந்தது போலிருக்கும், கால் வைத்தால் முழங்கால் வரை உள்ளே போகும்.

கோடையில் வந்தால் கழுவேலி வறண்டிருக்கும், ஆனால் மரக்காணத்தின் உப்பளங்களில் வேலை மும்முரமாக நடக்கும். பாத்திகளில் உவர்நீர் பாய்ச்சி, வெயிலில் வற்றவிட்டு, படியும் உப்பைப் பலகையால் இழுத்துக் குவிப்பார்கள். வெயிலுக்கு முன் முடிக்க வேண்டும் என்பதால் இருட்டிலேயே வேலைக்கு வந்துவிடுவார்கள். வரப்பில் நடந்து பார்ப்பதற்கு முன் வேலை செய்பவர்களிடம் அனுமதி கேளுங்கள். சமையலறையில் தினம் கையில் எடுக்கும் உப்பு எத்தனை பேரின் வெடித்த பாதங்களைத் தாண்டி வருகிறது என்பதைப் பிள்ளைகள் நேரில் பார்க்கட்டும்.

கடலில் குளிப்பது பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம். மரக்காணம் முதல் கோட்டக்குப்பம் வரை நெடுகிலும் மணலும் சவுக்குத் தோப்பும் அழகாகவே இருக்கின்றன. ஆனால் அலை இழுக்கும், பல இடங்களில் காப்பாற்ற ஆளில்லை. கால் நனைப்பதோடு நிறுத்திக்கொண்டு மணலில் விளையாட விடுங்கள்.

இரவில் கூத்து

வழிகாட்டி நூல்கள் இதைச் சொல்வதில்லை. எனக்கோ இந்த மாவட்டத்தின் ஆகச் சிறந்த குடும்பப் பொழுதுபோக்கு இதுதான். பங்குனியில் தொடங்கி ஆடி வரை ஊர் ஊராகத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும். செஞ்சிக்குப் பக்கத்து மேலச்சேரிக் கோயிலையே திரௌபதி அம்மன் கோயில்களுக்கெல்லாம் மூலமாகப் பலரும் கருதுகிறார்கள். பகலில் பாரதப் பிரசங்கம், இரவு பத்து மணிக்கு மேல் கூத்து, விடிய விடிய.

கிரீடமும் புஜக்கட்டையும் அணிந்த துரியோதனன் திரைக்குப் பின்னாலிருந்து முதலில் குரலாக மட்டும் வந்து, பிறகு ஆடிக்கொண்டே வெளியே வருவதைப் பிள்ளைகள் வாய் பிளந்து பார்ப்பார்கள். கட்டியக்காரன் பேசத் தொடங்கினால் சிரித்துப் புரளுவார்கள். நான்கு மணி நேரம் போதும். முழு இரவும் உட்கார வேண்டிய கட்டாயம் இல்லை. ஒரு பாய், ஒரு போர்வை, கொசுவத்தி கொண்டுபோங்கள். ஊர்ப் பிள்ளைகள் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள், உங்கள் பிள்ளைகளையும் அங்கேயே அனுப்பிவிடுங்கள்.

கடைசி நாள் காலையில் படுகளம். மண்ணாலேயே ஒரு பிரம்மாண்டமான துரியோதனனைத் தரையில் படுக்க வைத்த கோலத்தில் செய்து வண்ணம் பூசியிருப்பார்கள். அவன் தொடையைப் பிளக்கும் கட்டம் அதன் மேலேயே நடக்கும். மாலையில் தீமிதி. படுகளத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகலாம். தீமிதியில் கூட்டமும் வெக்கையும் அதிகம், கைக்குழந்தையோடு போக வேண்டாம். எந்த ஊரில் எப்போது என்பது சுவரொட்டியில் இருக்கும். செஞ்சி, விக்கிரவாண்டிப் பக்கத்து டீக்கடையில் 'எந்த ஊர்லங்க பாரதம் நடக்குது?' என்று கேட்டால் வழியோடு சொல்வார்கள். கட்டணம் கிடையாது. ஆனால் கூத்தாடிகளின் தட்டில் பிள்ளைகள் கையாலேயே பணம் போடச் சொல்லுங்கள்.

மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலின் அமாவாசை இரவு ஊஞ்சல் உற்சவமும் புகழ் பெற்றது. அன்று பல மாவட்டங்களிலிருந்து மக்கள் வந்து குவிவார்கள். சிறு பிள்ளைகளோடு போவதென்றால் அமாவாசை அல்லாத நாளாகப் பார்த்துப் போங்கள்.

விழுப்புரத்தைச் சுற்றி

விழுப்புரம்–செஞ்சி சாலையில் மண்டகப்பட்டு. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் குடைந்த கோயில். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் பிரமன், ஈசன், திருமால் மூவருக்கும் இதைச் செய்தேன் என்று கல்வெட்டில் அவனே சொல்லியிருக்கிறான். அரை மணி நேரத்தில் பார்த்துவிடலாம். வாசலில் நிற்கும் இரண்டு காவலர்களைப் போல நிற்கச் சொல்லிப் பிள்ளைகளைப் படம் எடுங்கள். அருகிலேயே தளவானூர்க் குடைவரை. பனைமலையில் ஏரிக்கரைக் குன்றின் மேல் ராஜசிம்மன் கட்டிய தாளகிரீசுவரர் கோயில். சிறு சந்நிதி ஒன்றின் சுவரில் ஆயிரத்து முந்நூறு ஆண்டுப் பழமையான பார்வதி ஓவியம் பாதி அழிந்தும் ஒளி குன்றாமல் இருக்கிறது. மாலை நான்கு மணிக்கு மேல் ஏறினால் ஏரி, வயல், பனை மூன்றும் ஒருசேரத் தெரியும். திருக்கோவிலூர்ச் சாலையில் கீழ்வாலைப் பாறையில் செஞ்சாந்தால் வரைந்த பழங்கால ஓவியங்களும் உள்ளன. பறவை முகம் வைத்த மனிதர்களைப் பிள்ளைகள் விரும்புவார்கள், உள்ளூர் ஆள் ஒருவர் வழி காட்டினால்தான் போய்ச் சேர முடியும்.

மயிலம் முருகன் கோயில் சின்னக் குன்று, பாட்டிகளும் ஏறலாம். வீடூர் அணை 1959இல் கட்டி முடித்தது. 32 அடி உயரம். தை மாதம் தண்ணீர் நிறைந்திருக்கும்போது கரையில் நடப்பது சுகம், மற்ற நாளில் சிறப்பாக ஒன்றுமில்லை. ஆரோவில்லும் இந்த மாவட்டத்து வானூர் வட்டத்தில்தான் இருக்கிறது. மாத்ரிமந்திரை வெளியிலிருந்து பார்க்கும் இடம் வரை எல்லாரும் போகலாம். உள்ளே தியானக் கூடத்துக்கு முன்பதிவு வேண்டும், பத்து வயதுக்குக் குறைந்தவர்களை விடுவதில்லை. அமைதியாக இருக்க வேண்டிய இடம் என்பதால் சின்னப் பிள்ளைகளுக்கு இதை முதல் தேர்வாகச் சொல்ல மாட்டேன்.

ரயிலில் போனதே இல்லாத பிள்ளைகள் இப்போது நிறைய இருக்கிறார்கள். விழுப்புரம் சந்திப்பிலிருந்து ஐந்து திசையில் தண்டவாளம் பிரிகிறது. அங்கிருந்து புதுச்சேரிக்குப் போகும் பாதை 1879இல் திறந்தது. ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம், சன்னல் ஓரம், வயலும் ஏரியும். குறைந்த செலவில் இதைவிட மகிழ்ச்சி கிடைப்பது அரிது.

சாப்பாடு, தங்கல், அவசரம்

வேகவைத்த மல்லாட்டையைச் சாலையோரம் எங்கே கண்டாலும் வாங்குங்கள். நிலக்கடலைக்கு இந்தப் பக்கத்துப் பெயர் அதுதான். மார்ச் முதல் திண்டிவனம், மரக்காணம் சாலைகளில் தர்பூசணி மலை மலையாகக் குவிந்திருக்கும். வெட்டி வைத்ததை வாங்காமல் முழுப் பழமாக வாங்கி நீங்களே வெட்டிக் கொடுங்கள். கோடையில் விக்கிரவாண்டிப் பக்கம் நுங்கு கிடைக்கும், தையில் பனங்கிழங்கு. நெடுஞ்சாலை ஓட்டல்களைவிடத் திண்டிவனம், செஞ்சி, விழுப்புரம் பேருந்து நிலையங்களைச் சுற்றியிருக்கும் சாதாரண ஓட்டல்களில் இட்லி சூடாகவும் விலை குறைவாகவும் இருக்கும். மூன்று ஊர்களிலும் லாட்ஜுகள் உண்டு. செஞ்சிக்கு அதிகாலையில் போக வேண்டும் என்றால் முந்தைய இரவு செஞ்சியிலோ திண்டிவனத்திலோ தங்குங்கள். புதுச்சேரியில் தங்கினால் விடியலை வழியிலேயே தொலைத்துவிடுவீர்கள்.

குடைவரைகள் அருகிலும் கழுவேலிக் கரையிலும் கழிப்பறையை எதிர்பார்க்க முடியாது. ஊரிலிருந்து கிளம்பும் முன் எல்லாரும் போய் வந்துவிடுவது நல்லது. ஒதுங்க இடம் தேடிப் புதருக்குள் போகும் பிள்ளையோடு பெரியவர் ஒருவர் போக வேண்டும். பாறை இடுக்குகளில் பாம்பு உண்டு. பாம்பு கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது எதுவும் செய்யாமல் 108ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்கு விரையுங்கள். செஞ்சியிலும் திண்டிவனத்திலும் அரசு மருத்துவமனைகள் இருக்கின்றன. விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை முண்டியம்பாக்கத்தில், நெடுஞ்சாலையை ஒட்டியே இருக்கிறது. கைவிட்ட கல்குவாரிப் பள்ளங்களில் நீலமாகத் தண்ணீர் நிற்பதைப் பார்த்து ஆசைப்பட்டு ஒருவரையும் இறங்க விடாதீர்கள். கரை செங்குத்து, ஆழம் தெரியாது.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். கிருஷ்ணகிரியின் சுவர்களில் பெயர்களும் இதயங்களும் கீறிக் கிடக்கின்றன. திருவக்கரையில் கையில் அடங்கும் கல்மரத் துண்டுகள் காலுக்கடியில் கிடக்கும். ஒன்றை எடுத்துப் பையில் போட எல்லாருக்கும் ஆசை வரும். கீறுவதும் எடுப்பதும் சட்டப்படி குற்றம். வாசலிலேயே இதைப் பிள்ளைகளிடம் சொல்லி, கையில் பென்சிலும் நோட்டும் கொடுத்து உள்ளே அனுப்புங்கள். குப்பையைப் போட வீட்டிலிருந்தே ஒரு பை கொண்டுவந்து, நிரம்பியதை ஊருக்குள் இருக்கும் தொட்டியில் போட்டுவிட்டுப் போங்கள்.